ஸ்டியரிங் மேல் பழி போட வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

உங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழைய கார்களைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. படங்கள் அருமை. தமிழில் இந்த விஷயத்தைத் தொடுகிறவர்களே குறைவு என்பதால், இவ்வளவு இடம் ஒதுக்கியதற்கு முதலில் நன்றி சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அதில் ஒரு பத்தியைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் காலத்து சொகுசு கார்களின் ஸ்டியரிங் வீல் கையால் அழுத்தினால் வளையும், ஓட்டும்போது நடுங்கும், அது அன்றைய தயாரிப்பின் பலவீனம், இன்றைய உறுதியான ஸ்டியரிங் ஒன்றை மாற்றிப் போட்டால் சரியாகிவிடும் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார்.

வளைவது ஒன்று, நடுங்குவது வேறொன்று. பல வண்டிகளில் வளையும் தன்மை வேண்டுமென்றே வைத்தது. நடுக்கம் கோளாறுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கோளாறு இருப்பது முன் சக்கரத்திலும், இரண்டு சக்கரத்தையும் தாங்கும் இரும்பு அச்சான ஆக்சிலிலும். கைக்கு எட்டுகிற இடத்தில் தெரிகிறது என்பதற்காக ஸ்டியரிங் வீலைக் கழற்றி எறிந்தால், நடுக்கம் அப்படியே இருக்கும். வண்டியோடு பிறந்த ஒரு நல்ல பொருள் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும். இதை நம் ஊரிலேயே நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்தக் கடிதம் நீளமாகப் போகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அஸ்தம்பட்டியில் பட்டறை வைத்திருந்தவன். தொழில் பழகியது சூரமங்கலத்தில் ஒரு மேஸ்திரியிடம். லாரி, வேன், டாக்ஸி எல்லாம்தான் சோறு போட்டது. ஆனால் ஏற்காட்டுக் காபி எஸ்டேட்டுகளில் ஷெட்டுக்குள் தார்ப்பாய் மூடி நின்ற பழைய சீமை வண்டிகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்றால் எங்கள் மேஸ்திரியைத்தான் கூப்பிடுவார்கள். அவருக்குப் பிறகு அந்த வேலை எனக்கு வந்தது. இப்போது பட்டறையைப் பையன்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பழைய வண்டி வந்தால் மட்டும் என்னைக் கூப்பிடுவார்கள், போவேன்.

முதலில் வளைவதைப் பற்றிச் சொல்கிறேன். 1930களில் வந்த நல்ல கார்களில் ஸ்டியரிங்கின் நடுக்குமிழிலிருந்து வெளிவளையத்துக்குப் போகும் ஸ்போக்குகளைப் பாருங்கள். தடித்த வார்ப்பிரும்புக் கைகளாக இருக்காது. மெல்லிய ஸ்பிரிங் ஸ்டீல் கம்பிகள் மூன்று நான்காகச் சேர்ந்து ஒரு கொத்தாக ஓடும். இப்படி மூன்று அல்லது நான்கு கொத்து. அமெரிக்கர்கள் இதை பாஞ்சோ வீல் என்பார்கள். இங்கிலாந்தில் புளூமெல்ஸ் என்ற கம்பெனி இதே மாதிரி ஸ்பிரிங் ஸ்போக் வைத்த ஸ்டியரிங்குகளை நிறையச் செய்து விற்றது. கம்பியின் மேல் பாலிஷ், வளையத்தின் மேல் கறுப்பு உறை, உள்ளே இரும்பு வளையம். பார்க்க நகை மாதிரி இருக்கும் என்பதால் அழகுக்காகச் செய்தார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அழகு பிறகு வந்தது. சாலையிலிருந்தும் இன்ஜினிலிருந்தும் ஸ்டியரிங் கம்பம் வழியாக ஏறி வருகிற பொடி அதிர்வை அந்தக் கம்பிகள் வாங்கிக்கொண்டு, கைக்கு விடாமல் செய்வதற்காகத்தான் அப்படி.

வீட்டில் அப்படி ஒரு வண்டி இருந்தால் நீங்களே சோதித்துப் பார்க்கலாம். வண்டியை நிறுத்தி, சீட்டில் உட்கார்ந்து, வளையத்தின் மேல் விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, டேஷ்போர்டு பக்கமாகத் தள்ளுங்கள். கொஞ்சம் போகும், விட்டால் சத்தமில்லாமல் திரும்பி வந்துவிடும். அது நல்லது. அடுத்து, ஒருவரைக் கீழே உட்கார வைத்து முன் சக்கரத்தை அசையாமல் பிடிக்கச் சொல்லிவிட்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். வளையம் திரும்புகிற அதே நொடியில் நடுக்குமிழும் திரும்ப வேண்டும். வளையம் ஒரு விரல்கடை போன பிறகு குமிழ் திரும்பினாலோ, 'டக்' என்று ஒரு சத்தம் வந்தாலோ, அது ஆபத்து. குமிழைக் கம்பத்தோடு பூட்டுகிற சின்ன இரும்புச் சாவி தேய்ந்திருக்கும், அல்லது கம்பத்தின் பல் தேய்ந்திருக்கும், அல்லது ஸ்போக் அடியில் விரிசல் விட்டிருக்கும். முன்னும் பின்னும் வளைந்து கொடுக்கலாம், சுற்றுகிற திசையில் வளைந்து கொடுக்கக் கூடாது. எங்கள் மேஸ்திரி எனக்குச் சொல்லித் தந்தது இதுதான். கட்டுரையாளர் இந்த ஒரு சோதனையைச் செய்திருந்தால் அந்தப் பத்தியை எழுதியிருக்கவே மாட்டார்.

இன்னும் பழைய வண்டிகளில், அதாவது முதல் உலகப் போருக்கு முன் வந்தவற்றில், வளையம் மரத்தால் இருக்கும். துண்டு துண்டாக மரத்தை விரல் கோத்த மாதிரி இணைத்துப் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். சேலத்துச் சித்திரை வெயிலில் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே நின்ற வண்டியில் அந்தப் பசை காய்ந்து இணைப்பு வாய் பிளந்துவிடும். அதுவும் ஆட்டம்தான், ஆனால் கெட்ட ஆட்டம். மரத்தைப் பிரித்து மறுபடி ஒட்டினால் தீர்ந்தது, தூக்கிப் போட வேண்டியதில்லை.

இனி நான் கண்ணால் பார்த்த விஷயம். ஏற்காட்டில் லூப் ரோடு பக்கம் ஒரு எஸ்டேட். பேர் வேண்டாம். அந்தக் குடும்பத்தில் 1930களின் நடுவில் செய்த ரோல்ஸ்ராய்ஸ் 20/25 மாடல் கார் ஒன்று உண்டு. ஆறு சிலிண்டர், 3,699 சி.சி. முதலாளியின் அப்பா மெட்ராஸில் வாங்கி வந்தது. மகள் கல்யாணத்துக்கு அந்த வண்டியில் பெண் அழைப்பு நடத்த வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. இன்ஜின் வேலை, பெயின்ட் வேலை எல்லாவற்றையும் வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்துச் செய்தார்கள். முன் பம்பரை மட்டும் குரோம் பூச அனுப்பியிருந்தார்கள். பம்பர் இல்லாமலே ஓமலூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள். மணிக்கு 60 கிலோமீட்டரைத் தொட்டதும் முன்பக்கம் கிடுகிடுவென்று ஆடியிருக்கிறது. வேகத்தைக் குறைத்தாலும் உடனே நிற்கவில்லை, ஏறக்குறைய வண்டியை நிறுத்திய பிறகுதான் அடங்கியிருக்கிறது.

அந்தப் பட்டறைக்காரர் ஸ்டியரிங்கைத் தள்ளிப் பார்த்திருக்கிறார். வளைந்திருக்கிறது. "இது தளர்ந்து போச்சுங்க, அதனாலதான் ஆடுது" என்று சொல்லி, பழையதைக் கழற்றிவிட்டு, மூன்று தட்டை இரும்புக் கை வைத்த சின்ன ஸ்டியரிங் ஒன்றை, லேத்தில் புஷ் கடைந்து, கம்பத்தில் ஏற்றிவிட்டார். அந்த வண்டியின் ஸ்டியரிங் நடுவில்தான் இக்னிஷன் லிவர் (தீப்பொறி நேரத்தை மாற்றுவது), மிக்ஸர் லிவர் (பெட்ரோலும் காற்றும் கலக்கும் அளவை மாற்றுவது), கை ஆக்சிலேட்டர் லிவர் எல்லாம் இருக்கும். புது ஸ்டியரிங்கில் அதற்கு வழியில்லை. மூன்றையும் கழற்றித் துளையை மூடிவிட்டார்கள். குளிர் காலையில் அந்த மலையில் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டியவர்களுக்கு மிக்ஸர் லிவர் எவ்வளவு முக்கியம் என்று ஓட்டியவர்களுக்குத் தெரியும்.

வண்டி மலைக்கு வந்து சேர்ந்த பிறகு என்னைக் கூப்பிட்டார்கள். "மேஸ்திரி, ஸ்டியரிங் புதுசு போட்டும் ஆட்டம் நிக்கல, முன்னைவிட மோசமாயிடுச்சு" என்றார் முதலாளி. டிரைவர் உள்ளங்கையைக் காட்டினார், சிவந்திருந்தது. முன்பு ஸ்பிரிங் கம்பிகள் வாங்கிக்கொண்ட பொடி அதிர்வு எல்லாம் இப்போது நேராகக் கைக்கு வருகிறது. ஆட்டமும் அப்படியே. அத்தோடு வளையம் சின்னது. பழையது 18 அங்குல விட்டம் என்றும் புதியது 14 என்றும் வைத்துக்கொண்டால், அதே திருப்பத்துக்குக் கை கொடுக்க வேண்டிய பலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடும். பவர் ஸ்டியரிங் இல்லாத, அவ்வளவு கனமான வண்டியை, அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் திருப்பி ஏற்ற வேண்டும். வளையம் பெரிதாக இருந்ததற்கும் அன்றைய ஆட்களின் கைக்கும் ஒரு கணக்கு இருந்தது என்பது ஏற்காடு மலைப் பாதையில் தெரியும் மாதிரி வேறு எங்கும் தெரியாது.

"முன் பம்பர் எங்கேங்க?" என்றுதான் நான் முதலில் கேட்டேன். அது குரோம் பூசி வந்து, சாக்கு சுற்றி, காபிப் பழத்தைத் தோலுரிக்கும் பல்பர் ஹவுஸ் மூலையில் கிடந்தது. கல்யாணத்துக்கு முன்தினம் மாட்டிக்கொள்ளலாம், அதுவரை கீறல் படாமல் இருக்கட்டும் என்று எடுத்து வைத்திருக்கிறார்கள்.

இங்கேதான் அந்தக் காலத்து இன்ஜினியர்களின் மூளையை நாம் பார்க்க வேண்டும். அந்தப் பம்பர் வெறும் இடி தாங்கி இல்லை. வில்மாட் பிரீடன் என்ற ஆங்கிலக் கம்பெனி செய்தது. அதன் இரண்டு முனையிலும் உருளை போன்ற பாகத்துக்குள் எடை இருக்கும். வளையும் பட்டையின் நுனியில் அந்த எடை தொங்குவதால், முன்பக்கம் ஆட ஆரம்பிக்கும்போது பம்பரின் முனைகள் எதிராக ஆடி அந்த ஆட்டத்தின் பலத்தைத் தின்றுவிடும். ரோல்ஸ்ராய்ஸிலும் அதே காலத்து பென்ட்லியிலும் இதைப் போட்டார்கள். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இது பளபளப்பான அலங்காரம். கழற்றிவிட்டு ஓட்டினால்தான் அதன் வேலை தெரியும்.

சாக்கைப் பிரித்துப் பம்பரை மாட்டினோம். வேறு எதையும் தொடவில்லை. மறுநாள் கீழே இறக்கி அதே ரோட்டில் ஓட்டினோம். ஆட்டம் முழுதாகப் போகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. அதற்குப் பிறகுதான் சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினேன். இடது கிங்பின்னில், அதாவது சக்கரம் இடம் வலமாகத் திரும்புவதற்கு அச்சாக இருக்கும் ஊசியில், தேய்ந்த ஆட்டம் இருந்தது. அந்த வண்டியில் காலால் ஒரு பெடலை மிதித்தால் சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முழுக்க எண்ணெய் போகும்படி மெல்லிய குழாய்கள் ஓடும். இடது பக்கக் குழாய் அழுக்கு அடைத்துக் கிங்பின் எத்தனையோ காலமாகக் காய்ந்து கிடந்திருக்கிறது. அரிசிப்பாளையத்தில் எனக்குத் தெரிந்த லேத்தில் கன்மெட்டலில் புஷ் கடைந்து, ரீமர் போட்டுப் பொருத்தினோம். குழாயைக் கழுவி எண்ணெய் சொட்டுகிறதா என்று பார்த்தோம். முன் டயர் ஒன்று, நின்ற இடத்திலேயே நின்று ஒரு பக்கம் தட்டையாகியிருந்தது. அதையும் மாற்றிய பிறகு 80-ல் போனாலும் கையை லேசாக வைத்துக்கொண்டு ஓட்ட முடிந்தது.

கடைசியாகப் பழைய ஸ்டியரிங். அந்தப் பட்டறையில் அதைப் பழைய இரும்போடு போட்டிருந்தார்களாம். டிரைவர்தான் மனசு கேட்காமல் கேட்டு வாங்கி வந்து, எஸ்டேட் ஷெட்டில் பத்திரமாக வைத்திருந்தார். லிவர்களும் ஒரு டப்பாவில் இருந்தன. ஸ்போக்கின் அடிப்பகுதி ஒவ்வொன்றையும் மண்ணெண்ணெயில் துடைத்து, பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன், விரிசல் இல்லை. எல்லாவற்றையும் இருந்த இடத்தில் மாட்டினோம். அந்த டிரைவருக்கு ஒரு நல்ல வார்த்தை இந்தக் கடிதம் வழியாகப் போய்ச் சேரட்டும்.

சரி, முன் சக்கரங்கள் ஏன் இப்படி ஆடுகின்றன? இதைப் புரிந்துகொள்ள ஒரு சைக்கிளின் முன் சக்கரம் போதும். அதைக் கழற்றி, அச்சின் இரண்டு முனையையும் இரண்டு கையால் பிடித்துக்கொண்டு, வேறு ஒருவரை வேகமாகச் சுற்றிவிடச் சொல்லுங்கள். இப்போது ஒரு கையை மட்டும் மேலே தூக்கிப் பாருங்கள். சக்கரம் தானாகப் பக்கவாட்டில் திரும்பும். பள்ளிப் பிள்ளைகள் செய்து பார்க்கலாம். பழைய கார்களில் இரண்டு முன் சக்கரமும் ஒரே இரும்பு ஆக்சிலின் இரண்டு முனையில் இருக்கும். இடது சக்கரம் ஒரு கல்லில் ஏறினால் ஆக்சில் முழுவதும் சாயும், சாய்ந்ததும் இரண்டு சக்கரமும் பக்கவாட்டில் திரும்பப் பார்க்கும், திரும்பியது மறுபடி ஆக்சிலைச் சாய்க்கும். ஆக்சிலுக்கும், அதன் மேல் வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கான கமான் பட்டைக்கும் என்று ஒரு சொந்தத் தாளம் உண்டு. ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கைதான் போதும், அதே மாதிரி சக்கரம் சுற்றுகிற வேகம் அந்தத் தாளத்தோடு ஒத்துப்போகும்போது சின்ன ஏற்றத்தாழ்வே பெரிய ஆட்டமாகிவிடும்.

அந்த வண்டியின் டயர் சுற்றளவு ஏறக்குறைய இரண்டரை மீட்டர். மணிக்கு 60 கிலோமீட்டர் என்றால் நொடிக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு ஏழு சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்றுகிறது. ஒரு சக்கரத்தின் எடை ஒரு பக்கம் கூடியிருந்தால் நொடிக்கு ஏழு தடவை அது ஆக்சிலை இடிக்கிறது. வேகம் இரட்டித்தால் அந்த இடியின் பலம் நான்கு மடங்காகும். 40-ல் ஒன்றுமே தெரியாத வண்டி 60-ல் ஏன் பேயாட்டம் ஆடுகிறது என்பதற்கு இதுதான் காரணம். இதில் ஸ்டியரிங் வீலுக்கு என்ன பங்கு? கீழே நடக்கிறதைக் கைக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

இந்த ஆட்டம் எல்லாக் காலத்திலும் ஒரே மாதிரி இருக்கவில்லை என்பதும் முக்கியம். 1920களுக்கு முன் டயர்கள் ஒல்லி, காற்று அழுத்தம் அதிகம். 1923 வாக்கில் பலூன் டயர் என்று அகலமான, காற்றுக் குறைந்த டயர்கள் வந்தன. பயணம் மெத்தென்று ஆனது. அதே காலத்தில்தான் முன் சக்கரங்களுக்கும் பிரேக் வந்தது. ஹிஸ்பானோ சூயிசா என்ற சொகுசு கார் 1919-லேயே நான்கு சக்கர பிரேக்கோடு வந்தது, ரோல்ஸ்ராய்ஸ் சில்வர் கோஸ்ட்டுக்கு 1920களின் நடுவில்தான் அது கிடைத்தது. பிரேக் டிரம்மும் சேர்ந்து முன் ஆக்சிலின் முனைகள் கனத்தன, டயர் மெத்தென்று ஆனது, வேகமும் கூடியது. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தபோது, இரும்பு ஆக்சில் அடங்காமல் ஆட ஆரம்பித்தது. விலை உயர்ந்த வண்டிகளுக்குத்தான் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் சொகுசுக்காக அவற்றில்தான் கமானை மென்மையாக்கினார்கள்.

இதைத் தீர்க்கப் பாடுபட்டவர்களில் இன்ஜினியர் மாரிஸ் ஆலியைச் சொல்லாமல் இருக்க முடியாது. ரோல்ஸ்ராய்ஸ் அமெரிக்காவில் ஸ்பிரிங்ஃபீல்டில் நடத்திய தொழிற்சாலையில் இருந்தவர். 1930-ல் ஜெனரல் மோட்டார்ஸுக்குப் போய், காடிலாக் வண்டிகளில் இந்த ஆட்டத்தையே ஆராய்ச்சியாக எடுத்துக்கொண்டார். முன் கமானை மென்மையாக்கினால் பயணம் சுகம், ஆனால் ஒரே ஆக்சிலில் அப்படிச் செய்தால் ஆட்டம் அடங்காது என்பது தெளிவானது. முடிவு, ஆக்சிலையே எடுத்துவிடுவது. 1934 மாடலில் ஜெனரல் மோட்டார்ஸின் பெரிய கார்கள் ஒவ்வொரு முன் சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்போடு வந்தன. 1936-ல் ரோல்ஸ்ராய்ஸ் பேன்டம் III அந்த வழியையே பின்பற்றியது. உலகத்தின் தலைசிறந்த மூளைகள் பத்துப் பன்னிரண்டு வருஷம் முட்டி மோதி, கடைசியில் ஆக்சிலை மாற்றித்தான் இதைத் தீர்த்தார்கள். ஸ்டியரிங் வீலைத் தடிமனாக்கித் தீர்க்க முடிந்திருந்தால் ஒரே வாரத்தில் செய்திருப்பார்களே!

அதற்கும் முந்தைய கதை சுருக்கமாக. 1886-ல் பென்ஸின் மூன்று சக்கர வண்டிக்கு ஸ்டியரிங் வீலே இல்லை, கைப்பிடிதான். சாலையில் ஒரு பள்ளம் வந்தால் கைப்பிடி உதறும். 1894-ல் பாரிஸிலிருந்து ரூவான் வரை நடந்த ஓட்டத்தில் வஷரோன் என்பவர் தன் பன்ஹார்ட் வண்டியில் வட்ட ஸ்டியரிங் வைத்து ஓட்டினார். 1901-ல் வந்த மெர்சிடிஸ் 35 குதிரைச் சக்தி வண்டியில் கம்பத்தைச் சாய்த்து வைத்தார்கள். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில் பல்சக்கரப் பெட்டி வந்த பிறகு, சக்கரத்தின் உதறல் கைக்கு வராமல் முழுசாகத் தடுத்துவிடலாம் என்று சில பேர் முயன்றார்கள். அப்படித் தடுத்தால் வளைவு முடிந்த பிறகு ஸ்டியரிங் தானாக நேரே வராது, சாலை எப்படி இருக்கிறது என்று கைக்கும் தெரியாது, இடி முழுவதையும் பெட்டியும், அதைச் சக்கரத்தோடு இணைக்கும் தண்டான டிராக் லிங்க்கும் வாங்கித் தேயும். அதனால் நல்ல தயாரிப்பாளர்கள் நடுவழியைப் பிடித்தார்கள். கொஞ்சம் பெட்டியில் தடுப்பது, கொஞ்சம் டிராக் லிங்க்கின் முனையில் பந்துக்குப் பின்னால் வைக்கும் ஸ்பிரிங்கில் தடுப்பது, மிச்சத்தை ஸ்டியரிங் ஸ்போக்கில் தடுப்பது. இந்த மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் மற்ற இரண்டின் மேல் பாரம் ஏறும். கட்டுரையில் சொன்ன மாதிரி ஸ்டியரிங்கை மட்டும் மாற்றுகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்ஜின் பக்கத்திலிருந்து வருகிற அதிர்வு தனி. நின்ற வண்டியில் ஆக்சிலேட்டரை அழுத்தினாலே ஸ்டியரிங் நடுங்குகிறது என்றால் முன் சக்கரத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நீளமான ஆறு சிலிண்டர் இன்ஜினின் சுழல் தண்டான கிராங்க் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு அதிர்கிற தொல்லை, ரோல்ஸ்ராய்ஸ் கம்பெனியின் இன்ஜினியர் ராய்ஸையே ஆரம்ப காலத்தில் படுத்தி எடுத்தது. அதை அடக்கிய பிறகுதான் 1906-ல் வந்த 40/50 வண்டி, பின்னாளில் சில்வர் கோஸ்ட் என்று பேர் வாங்கியதே அதுதான், அவ்வளவு அமைதியாக ஓடியது. இன்ஜினை ரப்பர் மேல் உட்கார வைப்பது பெரிய அளவில் பேசப்பட்டது 1931-ல் பிளைமவுத் காரில். உங்கள் வண்டியில் ரப்பர் மவுண்ட் இருந்தால் அது கல்லாகிப் போயிருக்கிறதா என்று நகத்தால் குத்திப் பாருங்கள்.

பழைய வண்டி வைத்திருக்கிறவர்கள், ஸ்டியரிங் ஆடுகிறது என்றால், எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று கேட்பார்கள். நான் சொல்வது எப்போதும் தரையிலிருந்து மேலே வர வேண்டும் என்பதுதான். டயர் வட்டமாக இருக்கிறதா, காற்றுச் சரியா, கம்பிச் சக்கரமாக இருந்தால் கம்பிகள் ஒரே சத்தத்தில் ஒலிக்கின்றனவா, பேலன்ஸ் சரியா என்று முதலில் பாருங்கள். அப்புறம் வீல் பேரிங். அப்புறம் கிங்பின். சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது பிரேக்கை ஒருவர் மிதித்துக்கொண்டால், பேரிங்கின் ஆட்டம் மறைந்து கிங்பின்னின் ஆட்டம் மட்டும் தெரியும். அப்புறம் இரண்டு முன் சக்கரத்தையும் இணைக்கும் டை ராடின் முனைகள், டிராக் லிங்க், கமானைச் சேஸிஸோடு கோக்கும் ஷாக்கில். கமான் தளர்ந்து தொங்கினால் ஆக்சிலின் சாய்வு மாறி, கிங்பின் பின்பக்கம் சாய்ந்திருக்கும் கோணமான கேஸ்டரின் கணக்கே தப்பிவிடும். சில பேர் வண்டி நேராகப் போக வேண்டும் என்று கமானுக்கும் ஆக்சிலுக்கும் நடுவில் ஆப்பு அடித்துக் கேஸ்டரைக் கூட்டி விடுகிறார்கள், அது ஆட்டத்தை வளர்க்கும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் இருக்கிறதா, பம்பர் அதன் இடத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். இத்தனையும் முடிந்த பிறகு ஸ்டியரிங் பெட்டி. கடைசியில்தான் ஸ்டியரிங் வீல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். நான்கைந்தை ஒன்றாக மாற்றினால் எது தீர்த்தது என்று யாருக்கும் தெரியாது, அடுத்த வண்டிக்கு அந்த அனுபவம் உதவாது.

ஸ்டியரிங் வீல் உண்மையிலேயே கெட்டுப்போன வண்டிகளும் உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். எண்பது தொண்ணூறு வருஷம் வளைந்து நிமிர்ந்த எஃகுக் கம்பி களைத்துப் போகும். ஸ்போக் குமிழுக்குள் நுழைகிற இடத்தில் மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தால் அந்த வண்டியை ஓட்டவே கூடாது, கல்யாண ஊர்வலத்துக்கும் கூடாது. வளையத்தின் கறுப்பு உறை வெடித்து, உள்ளே தண்ணீர் இறங்கி, இரும்பு துருப்பிடித்து வீங்கியிருக்கும். அதற்கும் வழி இருக்கிறது. பழைய குமிழை வைத்துக்கொண்டு புதுக் கம்பி போட்டுப் புது உறை வார்த்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். செலவு கூடும்தான். ஆனால் அந்த வண்டியை வைத்திருக்கிறவர்கள் பெயின்டுக்குக் கொட்டுகிற காசில் இது ஒரு சின்னப் பங்கு. ஸ்போக்கின் மேல் வெல்டிங் மட்டும் வைக்காதீர்கள். ஸ்பிரிங் ஸ்டீல் வெல்டிங் சூட்டில் தன் குணத்தை இழந்து, ஒட்டின இடத்துக்குப் பக்கத்திலேயே முறியும்.

உங்கள் நாளிதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். அந்தப் பத்திக்கு ஒரு திருத்தம் போடுங்கள். சேலம், நாமக்கல், கோவை, நீலகிரிப் பக்கம் இன்னும் எத்தனையோ வீடுகளில் இந்த வண்டிகள் நிற்கின்றன. அச்சில் வந்ததை நம்பி ஒருவர் நாளைக்கே ஸ்பேனர் எடுத்துவிடுவார். கழற்றின பொருள் திரும்பக் கிடைக்காது, அதைச் செய்த தொழிற்சாலைகளே இன்றைக்கு இல்லை. கட்டுரையாளருக்கு நேரம் இருந்தால் கோவை அவிநாசி சாலையில் இருக்கும் ஜி.டி. நாயுடு குடும்பத்தாரின் கார் அருங்காட்சியகத்துக்குப் போய், வண்டியின் முன்னால் நிற்காமல் ஜன்னல் ஓரமாக நின்று, ஒவ்வொன்றின் ஸ்டியரிங்கையும் ஸ்போக்கையும் மட்டும் பார்த்துக்கொண்டு வரட்டும். காலம் போகப் போக எப்படி மாறியது என்று கண்ணுக்கே தெரியும்.

நம் ஊர்ப் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. ஆசிரியர்களுக்கும் ஒன்று. ஆட்டோமொபைல் பாடத்தில் கேஸ்டர், கேம்பர் என்று படம் போட்டு நடத்துகிறீர்கள். இரும்பு முன் ஆக்சில் உள்ள வண்டி லாரி ஷெட்டுகளில் நிறைய நிற்கிறது. பிள்ளைகளை அங்கே கூட்டிக்கொண்டு போய், கிங்பின்னின் ஆட்டத்தைக் கையால் பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனரைச் செருகினால் கோளாறு என்ன என்று திரையில் வரும் வண்டிகளோடு வளர்கிற பிள்ளைகளுக்குக் கையில் அந்த உணர்வு வர வேறு வழியில்லை. வருகிறவர்களுக்குச் சொல்லித் தர நான் தயாராக இருக்கிறேன், காசு வேண்டாம்.

எஸ்டேட்காரர்களுக்குக் கடைசியாக: வண்டியை எந்தப் பட்டறையில் விட்டாலும், கழற்றுகிற ஒவ்வொரு பொருளையும், உடைந்த போல்ட்டாக இருந்தாலும், ஒரு பெட்டியில் போட்டுத் திருப்பித் தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுங்கள்.

இப்படிக்கு,
பழைய கார் மெக்கானிக் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம் - 7.